குழந்தையும் தலையெழுத்தும்

நமது நாட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகின்றோம். எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகின்றோம். பார்வை மங்கினால் மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுக்கின்றோம். ஆனால் அதே குழந்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராவிட்டாலும், ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார முடியாவிட்டாலும், மூன்று வயதாகியும் பேச்சு வராமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாராமல் இருந்தாலும், உடனே நமது புத்தி வேலை செய்வது நின்று, கை பிரம்பையோ தாயத்தையோ தேட ஆரம்பித்துவிடுகின்றது. உடம்புக்கு வரும் கோளாறுக்கு வைத்தியம் உண்டென்று ஒப்புக்கொள்ளுகிறவர்கள், மூளையும் உடம்பில் ஒரு பாகந்தான் என்பதை மாத்திரம் ஒப்புக்கொள்ள மறுப்பானேன் என்று கேட்கின்றோம்.

இக்கோளாறுகளுக்கு இன்று பெயர் உண்டு, இலக்கணமும் உண்டு. அறிவில் குறைவில்லாதிருந்தும் படிப்பதிலும் எழுதுவதிலும் மாத்திரம் தடைப்படுவது டிஸ்லெக்ஸியா. கவனம் நிலையாமையும், ஓயாத துறுதுறுப்பும், யோசிக்குமுன் செய்துவிடும் வேகமும் வயதுக்கு மீறியிருந்து, வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் குழந்தையின் வாழ்வைக் கெடுக்குமானால் அது ஏ.டி.எச்.டி. பிறரோடு பேசுவதிலும் பழகுவதிலும் வேறுபட்டு, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்து, சத்தம், வெளிச்சம், தொடுகை முதலியவைகளைத் தாங்கமாட்டாமல் தவிப்பது ஆட்டிசம்.

இவைகள் நேற்று முளைத்த பெயர்களுமல்ல. 1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற வைத்தியர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் கணக்கில் கெட்டிக்காரன். வாய்ப்பேச்சிலும் யாருக்கும் இளைத்தவனல்ல. ஆனால் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் சின்னஞ்சிறு சொற்களைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், அறிவிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்பவர் 11 குழந்தைகளைக் கவனித்து ஆட்டிசத்தை விவரித்தார். அதாவது, நம்மவர்கள் வேப்பிலை அடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே வேறு சிலர் நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள்.

நம்மவர்கள் சொல்லும் காரணங்களை எடுத்துக்கொள்ளுவோம். கிரகண நேரத்தில் கர்ப்பிணி வெளியே வந்தாள் என்பார்கள். கிரகணத்தை வீதியில் நின்று வேடிக்கை பார்க்கிற தேசத்திலும், வீட்டுக்குள் பூட்டிக்கொண்டிருக்கிற தேசத்திலும் இக்குழந்தைகள் பிறக்கத்தான் பிறக்கிறார்கள். ஜாதகத்தில் புதன் கெட்டுவிட்டான் என்பார்கள். ஜாதகமே எழுதாத ஜனங்களின் பிள்ளைக்கு எந்தக் கிரகம் கெட்டது? இவைகளுக்கெல்லாம் பதிலில்லாதபோது கடைசியாக வருவது முன்ஜென்ம பாவம். இதைப்போல் ஈரமற்ற கொள்கை வேறொன்றில்லை. பேச்சு வராமல் தவிக்கும் மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்து, "நீ செய்த பாவத்தை நீ அனுபவிக்கிறாய்" என்று சொல்லுவதுதானே இதன் அர்த்தம்? கீழே தள்ளப்பட்டவன் கீழே கிடப்பது நியாயந்தான் என்று காட்டுவதற்காக உண்டாக்கிய தத்துவத்தை, தொட்டிலில் கிடக்கும் குழந்தை வரையில் கொண்டுபோய்விட்டார்கள்.

விதிக்கு அடுத்தபடியாகப் பழி விழுவது தாயின் தலையில். "அவள் வயிறு அப்படி", "அவள் வேலைக்குப் போனாள்", "அவள் வீட்டு ரத்தம்", "அவள் செல்லம் கொடுத்துக் கெடுத்தாள்" என்று மாமியார் முதல் அடுத்த வீட்டுக்காரி வரையில் தீர்ப்புச் சொல்லுவார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலைகிறவள் அவள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவளும் அவளேதான். தகப்பனை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. குழந்தையைச் சாக்காக வைத்து வேறு கல்யாணம் தேடுகிற ஆண்பிள்ளைகளும் உண்டு.

நிற்க, இந்தத் தப்பு படியாதவர்களின் தப்பு மாத்திரமல்ல என்பதையும் சொல்லவேண்டும். பட்டம் பெற்ற பண்டிதர்களும் இதையே செய்தார்கள். அமெரிக்காவில் சிகாகோவில் பள்ளிக்கூடம் நடத்திய புரூனோ பெட்டல்ஹெய்ம் என்பவர், ஆட்டிசத்துக்குக் காரணம் தாயின் அன்பின்மையே என்று 1967-ல் பெரிய புஸ்தகமே எழுதினார். அதைப் படித்தவர்கள் நம்பினார்கள், வைத்தியர்களும் நம்பினார்கள். எத்தனையோ தாய்மார்கள், நாம்தான் நம் பிள்ளையைக் கெடுத்தோமோ என்று உள்ளுக்குள் வெந்து மாய்ந்தார்கள். இதற்கு ருஜு என்ன என்று கேட்டவர்களில் முக்கியமானவர், தாமே ஒரு ஆட்டிசக் குழந்தைக்குத் தகப்பனாரான பெர்னார்ட் ரிம்லாண்ட். அவர் 1964-லேயே, இது பிறப்பிலேயே மூளையின் அமைப்பைப் பற்றிய விஷயமென்று எடுத்துக்காட்டினார். 1977-ல் இங்கிலாந்தில் 21 ஜோடி இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கரு பிரிந்து பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. தாய் ஒருத்தி, வீடு ஒன்று, வளர்ப்பு ஒன்று. வித்தியாசம் கருவில் இருந்தது. தாயின் மேல் சுமத்திய பழி அதோடு ஆட்டங்கண்டது. ஆதலால் ஒரு விஷயத்தைச் சாஸ்திரி சொன்னாலும் டாக்டர் சொன்னாலும், சொன்னவரின் பட்டத்தைப் பாராமல் அவர் காட்டும் ருஜுவைப் பார்க்கவேண்டியதே அறிவுள்ளவர் கடமை.

இங்கே ஒரு ஆக்ஷேபணை வரலாம். "பிறவியிலேயே வந்ததென்றும், குடும்பத்தில் தொடர்ந்து வருவதென்றும் நீங்களே சொல்லுகிறீர்கள், அப்படியானால் தலையெழுத்து என்று நாங்கள் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கலாம். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. கிட்டப்பார்வையும் குடும்பத்தில் தொடர்ந்துதான் வருகின்றது. அதற்காக யாராவது கண்ணாடி போடாமல் குருடாய் உட்கார்ந்திருக்கிறார்களா? தலையெழுத்து என்பது கையைக் கட்டிக்கொண்டு அழச் சொல்லுகின்றது. காரணம் தெரிந்துகொள்ளுவது, என்ன செய்யலாம் என்று யோசிக்கச் சொல்லுகின்றது. முதலாவதில் குழந்தைக்கு வழியில்லை, இரண்டாவதில் உண்டு.

இனி அடியைப் பற்றி. "அடியாத மாடு படியாது" என்றும், "முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்றும் பழமொழி சொல்லுவார்கள். பிள்ளை முருங்கைமரமுமல்ல, மாடுமல்ல. கண் தெரியாத பையனைக் கரும்பலகையைப் படிக்கச் சொல்லி அடித்தால் கண் தெரிந்துவிடுமா? அதுபோலத்தான் எழுத்துப் பிடிபடாதவனை அடிப்பதும், உட்கார முடியாதவனை அடிப்பதும். அடிபட்டதனால் அவனுக்குப் பயம் வரும், பொய் வரும், புஸ்தகத்தைக் கண்டால் வெறுப்பு வரும். படிப்பு மாத்திரம் வராது. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுத்திருக்கின்றது. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என்று உபாத்தியாயரிடம் சொல்லுகிற தகப்பனார்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

மேலும், "மக்கு" என்ற சொல்லை நம்மவர்கள் கூசாமல் சொல்லுவதைக் கேட்டால் நமக்கு ஆச்சரியமாயிருக்கின்றது. "உனக்குப் படிப்பு வராது" என்ற வார்த்தையை ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கேட்டவர்கள் யார்? நாம் அல்லவா? நம் பெண்கள் அல்லவா? பிறவியிலேயே அறிவில்லை என்று சொல்லித்தானே நம்மைப் பள்ளிக்கூடத் திண்ணைக்கு வெளியில் நிறுத்தினார்கள்? கதவைத் திறந்துவிட்ட பிறகு நாம் படித்தோமா இல்லையா? அப்பேர்ப்பட்ட நாம், அதே வார்த்தையை நம் வீட்டுக் குழந்தையின் முகத்துக்கு நேரே, அதன் தங்கைக்கு முன்னாலும் அதன் சிநேகிதனுக்கு முன்னாலும் சொல்லுவது எவ்வளவு அக்கிரமம்? தினம் பத்துத் தரம் "மக்கு" என்று கேட்கும் குழந்தை பதினோராவது தரம் தானே அதைச் சொல்லிக்கொள்ளும். சுயமரியாதை என்பது மேடையில் மாத்திரம் பேசுகிற பேச்சானால் அதனால் யாருக்கு என்ன லாபம்? ஏழு வயதுப் பிள்ளைக்கும் மானமுண்டு.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? சந்தேகம் வந்தவுடன் காதையும் கண்ணையும் முதலில் பரிசோதிக்கவேண்டும். "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று சொல்லி வருஷத்தை ஓட்டக்கூடாது. பேச்சுப் பயிற்சியும் பழக்கப் பயிற்சியும் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கின்றோமோ அவ்வளவு நல்லது. 2013 முதல் சர்க்கார் நடத்திவரும் குழந்தை நலத் திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையில் பரிசோதனை உண்டு. மாவட்ட அளவில் இதற்கென்று அரசாங்க மையங்களும் ஏற்பட்டிருக்கின்றன. சென்னைக்கடுத்த முட்டுக்காட்டில், பலவகை ஊனமுடையவர்களுக்கென மத்திய சர்க்காரின் ஸ்தாபனம் இருக்கின்றது. துறுதுறுப்பான பிள்ளையெல்லாம் நோயாளியுமல்ல. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லுவது பரிசோதனையுமாகாது. தேர்ந்தவர்கள் பல விதமாகப் பார்த்தே முடிவு சொல்லவேண்டும்.

டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைக்கு 247 எழுத்துக்களையும் ஒரே மூச்சில் திணிக்கக்கூடாது. இரண்டு எழுத்தை எடுத்து, அதன் ஒலியைச் சொல்லி, வாயால் சொல்ல வைத்து, மணலில் விரலால் எழுத வைத்து, அது பதிந்த பிறகே அடுத்த எழுத்துக்குப் போகவேண்டும். ன, ண என்றும் ல, ள, ழ என்றும் அது தடுமாறினால் நூறு தரம் எழுதச் சொல்லுவதைவிட, காதால் பிரித்துக் கேட்கப் பழக்குவது மேல். பாடத்தை வீட்டில் யாராவது வாசித்துக் காட்டலாம். வாயால் பதில் சொல்லச் சொல்லலாம். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலையே சொல்லவேண்டும். வேலையைச் சிறிதாக நறுக்கிக் கொடுத்து, நடுவே எழுந்து ஓட விட்டு, சரியாகச் செய்தவுடன் அப்பொழுதே பாராட்டவேண்டும். சிறு குழந்தைகளுக்கு முதல் வைத்தியம் இம்மாதிரிப் பயிற்சியே. அதைப் பெற்றோர்தான் முதலில் கற்றுக்கொள்ளவேண்டும். வயது வந்த பிள்ளைக்கு மருந்து தேவையென்று நிபுணர் சொன்னால் அதற்குப் பயப்படவும் வேண்டாம்; நிபுணரைக் கேளாமல் கொடுக்கவும் வேண்டாம். இவ்வேலைகளில் தகப்பனுக்குச் சரிபாதி பங்கு உண்டு.

இதில் பணம் பறிக்கக் காத்திருக்கும் கூட்டத்தைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். பழைய பூசாரி விபூதி கொடுத்தான். புதிய பூசாரி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊசி போடுகிறான். ஆட்டிசத்தை அடியோடு போக்கும் மருந்து இன்றைய தினம் எதுவும் கிடையாது. ஸ்டெம் செல் ஊசியால் பயனுண்டென்று ருஜுவாகவில்லை. உடம்பிலுள்ள உலோகத்தை எடுப்பதாகச் சொல்லிச் செய்த வைத்தியத்தில், 2005-ல் அமெரிக்காவில் 5 வயதுக் குழந்தை ஒன்று இறந்தே போயிற்று. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறதென்ற வதந்தியும் இத்தகையதே. 1998-ல் வேக்ஃபீல்ட் என்ற வைத்தியர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையே அதைப் பரப்பிற்று. வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. அதே வருஷம் இங்கிலாந்தில் அவருடைய வைத்தியப் பதிவும் ரத்தாயிற்று. ஆனால் வதந்தியை நம்பித் தடுப்பூசி போடாமல் விட்ட குழந்தைகளை அம்மை விட்டு வைக்கவில்லை. ஆகையால் யார் வந்து குணப்படுத்துகிறேன் என்றாலும், "எத்தனை குழந்தைகளுக்குச் செய்தீர்? செய்யாத குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தீரா? அதை யார் சரிபார்த்தார்கள்?" என்று மூன்று கேள்வி கேட்கவேண்டும். பதில் சொல்லாமல் கோபித்துக்கொள்ளுகிறவன் பூசாரிதான்.

கடைசியாக, வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சேர்த்திருக்கின்றது. அவற்றில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அடங்கும். அதன்படி அத்தாட்சி பெற்றவர்களுக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் உண்டு. ஆனால், "அத்தாட்சி வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும், அக்காளுக்கு வரன் வராது" என்று மறைத்து வைக்கும் குடும்பங்கள் எத்தனை! வராத மாப்பிள்ளைக்குப் பயந்து, வந்திருக்கிற பிள்ளையின் வாழ்வைக் கெடுப்பது என்ன புத்திசாலித்தனம்? இதைக் கேட்டு ஓடுகிற மாப்பிள்ளை ஓடட்டும்.

ஆகவே இவ்விஷயத்தில் பெற்றோரை மாத்திரம் நாம் கேட்டுக்கொண்டால் போதாது. ஊரார், "என்ன பாவம் செய்தாளோ" என்ற பேச்சை விட்டு, அக்குழந்தையைத் தங்கள் குழந்தைகளோடு விளையாட விடவேண்டும். உபாத்தியாயர்கள் பிரம்பை வைத்துவிட்டு இக்கோளாறுகளைப் பற்றிப் படிக்கவேண்டும். பள்ளிக்கூடத்தார், மார்க்குக் குறையுமென்று இப்பிள்ளைகளை வெளியே தள்ளும் வழக்கத்தை நிறுத்தவேண்டும். நமது தோழர்கள் தத்தம் ஊரில் இப்படி ஒரு குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போய், அத்தாய்க்கு அவள்மேல் குற்றமில்லை என்பதை எடுத்துச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூடப்போய் வழி காட்டுவார்களானால், பத்துப் பொதுக்கூட்டம் நடத்துவதைவிட அது பயனுள்ள வேலையாகும் என்று தெரிவித்துக்கொள்ளுகின்றோம்.