பறித்தவன் கேட்கும் பத்திரம்

"சான்று எங்கே?" என்பது பகுத்தறிவாளரின் முதற் கேள்வி. புராணிகரைப் பார்த்துக் கேட்டோம், புரோகிதரைப் பார்த்துக் கேட்டோம், இனியும் கேட்போம். ஆனால் தோழர்களே, ஆஸ்திரேலியாவிலே அதே கேள்வியை, நிலத்தைப் பறித்தவன் பறிகொடுத்தவனைப் பார்த்துக் கேட்கிறான். கேட்கும் இடமோ நீதிமன்றம்!

'எவருக்கும் உரிமையில்லா மண்' என்று கூறியே 1788 முதல் வெள்ளையர் அக்கண்டத்தை வளைத்துக்கொண்டனர். மெர் தீவின் எடி மாபோவும் தோழர்களும் 1982இல் தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3ஆம் நாள், அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் அப்பொய்யை உடைத்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். 1993இல் தொல்குடி உரிமைச் சட்டம் பிறந்தது. நீதியும் உடன்பிறந்தது என்றனர். பிறந்ததா?

வெள்ளையராட்சிக்கு முன்பிருந்த மரபும் வழக்காறும் தலைமுறைதோறும் அறாமல் தொடர்கின்றன, அவற்றின் வழியே இந்த நிலத்தோடும் நீரோடும் தமக்குத் தொடர்புண்டு என்று தொல்குடியினரே மெய்ப்பிக்க வேண்டுமாம்!

மர்ரே ஆற்றங்கரையின் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 1994இல் வழக்கிட்டனர். 114 நாள் விசாரணை, 201 சாட்சிகள். 1998இல் நீதிபதி ஓல்னி தீர்ப்பளித்தார்: வரலாற்றின் அலை உரிமையை அடித்துச் சென்றுவிட்டது!

அலையாம், அலை! அலை சட்டம் இயற்றுமா? பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுக்க 1915இல் நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தைத் திருத்தியது எந்த அலை?

எதை நம்பி இத்தீர்ப்பு? 1840களில் அம்மண்ணிலே ஆட்டுப்பண்ணை வைத்த எட்வர்ட் கர், நாற்பதாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதி 1883இல் வெளியிட்ட நூலுக்குப் பெருமதிப்பு. முதியோரின் வாய்மொழிக்கு அதினும் குறைந்த மதிப்பு. இரண்டும் நினைவுதான். ஆக்கிரமித்தவனின் நினைவு அச்சேறியதால் சான்றாயிற்று. ஏட்டில் இருப்பதெல்லாம் மெய் என்பதை நாம் புராணத்துக்கே ஒப்பவில்லையே!

இன்னுங் கேளுங்கள். 1881இல் இம்மக்களின் முன்னோர் ஆளுநருக்கு மனு விடுத்தனர்: எங்கள் நிலமெல்லாம் பறிபோயிற்று, உழுது பிழைக்கச் சிறிது நிலம் தருக என்று. பறிகொடுத்தோரின் அக்கதறலையே, மரபு அற்றுப்போனதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டனர்! 2002 டிசம்பர் 12இல் தலைமை நீதிமன்றமும், ஐவருக்கு இருவர் என்ற கணக்கில், மேல்முறையீட்டைத் தள்ளியது.

மரபை மாற்றச் சொல்லும் நாம் மரபுக்காக வாதாடலாமா என்று சில இளைஞர் கேட்கக்கூடும். நாம் வாதாடுவது மண்ணுக்காக. பழக்கம் மாறியதால் வீடு பறிபோகும் என்ற விதி வெள்ளையனுக்கு உண்டா? பாட்டன் வாழ்ந்தபடிதான் வாழ்கிறாயா என்று அவனது பட்டாவை எவரேனும் சோதித்ததுண்டா?

கடலிலும் இதே கதை. குரோக்கர் தீவு வழக்கில், 2001இல், கடலில் உரிமையுண்டு, ஆனால் பிறரை விலக்கும் உரிமையில்லை என்றனர். கதவில்லா வீட்டுக்குச் சாவி!

சுமையை மாற்றி வைக்க வழியில்லாமல் இல்லை. தொடர்ச்சி இருந்ததாகவே கொள்ளலாம், மறுப்பவர் மெய்ப்பிக்கட்டும் என்று 2008இல் நீதிபதி ராபர்ட் பிரெஞ்சே யோசனை கூறினார். அது சட்டமாகவில்லை. ஏன் ஆகவில்லை? மனுக்களும் ஆணைகளும் குடியிருப்புப் பதிவேடுகளும் உறங்குவது அரசின் அலமாரிகளில் அல்லவா! ஏடுகளை வைத்திருப்போர் அவற்றை எடுத்துவந்து கூண்டிலே நிற்கட்டும்.