சாவி யார் கையில்?

கட்டுரை எழுதச் சொல்வது தமிழாசிரியனின் தொழில். இருபது ஆண்டுகளாக நானும் அதைத்தான் செய்து வருகின்றேன். ஆயினும் 2024 மே மாதத்தில் புனே நகரிலிருந்து வந்த ஒரு செய்தி, கட்டுரை என்னும் சொல்லையே எனக்குக் கசக்கச் செய்துவிட்டது. மதுக்கூடத்திலிருந்து நள்ளிரவு கடந்து திரும்பிய பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் காவல்துறை கூறும் விலையுயர்ந்த கார், இருசக்கர வாகனத்தில் சென்ற இளம் பொறியாளர் இருவரின் உயிரைக் குடித்தது. அன்றே சிறுவனுக்குப் பிணை கிடைத்தது. நிபந்தனைகளுள் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது! நாடு கொதித்தெழுந்த பின்னரே அவ்வாணை மாறிற்று. இரத்த மாதிரியையே மாற்றிவிட்டனர் என்று மருத்துவர்களும் பெற்றோரும் கைதானது தனிக்கதை.

அச்செய்தியைப் படித்த நம்மவர் பலர், "பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் கூத்து, மது நமக்கு ஹராம், நம் பிள்ளைகள் தொடமாட்டார்கள்" என்று நாளிதழை மடித்து வைத்தனர். அவர்தம் நம்பிக்கை மெய்யாகவே இருக்கட்டும். அது போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறைக்கு வந்த பழைய மாணவன் ஒருவன், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தான். மதுவின் வாடையும் அறியாதவன். திருமண வரவேற்பு முடிந்து, குடித்திருந்த நண்பனின் வண்டியில் பின்னால் ஏறியிருக்கின்றான். "தெரிந்துதான் ஏறினாயா?" என்று கேட்டேன். "தெரியும் ஐயா. வேண்டாமென்று சொல்லக் கூச்சமாக இருந்தது" என்றான். அந்தக் கூச்சத்திற்கு அவன் கொடுத்த விலை வலக்கால். நண்பன் பிழைக்கவில்லை.

கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகின்றோம். குடித்து மயங்கியவனுக்குக் காரணம் காட்டித் திருத்த முயல்வது, நீருள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவது போன்றது என்கிறார் வள்ளுவர். 'உவமையணி' என்று எழுதவைத்து இரண்டு மதிப்பெண் போட்டுக் கடந்துவிடுகின்றோம். விபத்துத் தடுப்பு முழுவதும் அந்த ஒரு குறளில் இருக்கின்றது என்பேன். மது முதலில் மழுங்கச் செய்வது, தன்னைத் தானே எடைபோடும் அறிவை. "நான் நிதானமாகத்தான் இருக்கின்றேன்" என்பவன் பொய் சொல்லவில்லை. மெய்யாகவே அவ்வாறு நம்புகின்றான். அவனோடு வாசலில் நின்று வாதிடுவது வீண். யார் ஓட்டுவது, சாவி யார் கையில் இருப்பது என்பன புறப்படும் முன்பே, தெளிந்த அறிவோடு முடிவாக வேண்டியவை.

மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காப்பி, குளிர்நீர்க் குளியல் என்று விடுதி அறைகளில் வழங்கும் வைத்தியம் எதுவும் பயன் தராது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் என்ற அளவில்தான் மது குறையும். கல்லீரலை அவசரப்படுத்த முடியாது. எனவே இரவின் போதை காலை வகுப்புக்கு வரும்போதும் எஞ்சியிருக்கலாம். நம் நாட்டுச் சட்டத்தின் எல்லை 30 மில்லிகிராம். இளையோருக்கு 20-க்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஜெர்மனி 2007 முதல் இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கும் புதிதாக உரிமம் பெற்றோருக்கும் மதுவை அறவே விலக்கிவிட்டது. பழகாத கை சிறிதளவு மதுவிலேயே தடுமாறும் என்பதே காரணம்.

மதுவை மட்டும் பேசி நிறுத்துவதும் தவறு. அதே அதிகாரத்தின் மற்றொரு குறள், உறங்கினவரை இறந்தவரோடும் கள்ளுண்பவரை நஞ்சுண்பவரோடும் ஒருங்கே வைத்துப் பேசுகின்றது. பதினேழு மணிநேரம் விழித்திருப்பவனின் செயல்திறன், 50 மில்லிகிராம் மது கொண்டவனின் நிலைக்குத் தாழ்கின்றது என 1997-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சட்டம் பொறுக்கும் அளவை விட இது மிகுதி! ரமலான் இரவுகளை எண்ணிப் பாருங்கள். தராவீஹ் முடிந்தபின் சஹர் வரை, ஒரு வண்டியில் மூவராக நம் இளைஞர் நகர்வலம் வருகின்றனர். துளி மதுவும் அருந்தாத பிள்ளைகள்தாம். அவர்தம் கண்ணிமை மட்டும் அதை அறியாது. தூக்க மாத்திரையும் கஞ்சாவும் இதே வேலையைச் செய்பவை. ஊதிக் காட்டும் கருவியில் அவை சிக்குவதுமில்லை.

பெரியோர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, பதினெட்டு நிறையாதவன் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. சட்டம் அவ்வளவுதான் செய்யும். வழி தவறிக் குடித்துவிட்ட பிள்ளை, நள்ளிரவில் எதற்கு அஞ்சுகின்றான்? காவலருக்கன்று. "அத்தாவுக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவார்" என்றுதான். வாடை போகட்டும் என்று வண்டியிலேயே ஊரைச் சுற்றுகின்றான். அவனிடம், "எந்நேரமாயினும், எந்நிலையிலாயினும் அழை, வந்து கூட்டிப் போகிறேன், பேச்சு மறுநாள்" என்று முன்கூட்டியே சொல்லிவைக்க நம்மால் இயலுமா? அது குடிக்கத் தரும் அனுமதி ஆகாதா என்று ஜமாஅத் பெரியவர் ஒருவர் கேட்டார். ஆகாது. தவ்பா செய்வதற்கேனும் பிள்ளை உயிரோடு வீடு திரும்ப வேண்டுமல்லவா?

என் மகன் இவ்வாண்டு ஓட்டுநர் உரிமம் பெற்றான். அவனிடம் இதைச் சொல்ல எனக்கே எளிதில் நா எழவில்லை. கேட்டுவிட்டுச் சிரித்தான். "இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவீர்களா அத்தா?" என்றான். வருவேன் என்றேன். அன்றுமுதல் இரவில் கைப்பேசியை அணைப்பதில்லை.