அனுமதி கேளாத பணம்

குற்றாலச் சாரலில் நனைய வருவோர் கைபேசியை அறையிலோ வண்டியிலோ வைத்துவிட்டுத்தான் பேரருவிக்கு இறங்குகின்றனர். இடுப்பில் துண்டு, கையில் மடித்த இரண்டு நோட்டுகள். எண்ணெய் தேய்த்துவிடுபவரின் கூலியும், திரும்பும் வழியில் வாங்கும் மங்குஸ்தானின் விலையும் அவற்றிலேயே அடங்கும். ஆயினும் அந்தத் தொழிலாளியிடமும் பழம் விற்கும் பெண்ணிடமும், 'கூகுள் பே இல்லையா?' என்று குற்றம் கண்டவர்போல் வினவும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. ரொக்கம் என்றால் பழமை, அன்றேல் கள்ளம் என்னும் எண்ணத்தை நாம் ஏற்பதற்கில்லை.

கள்ளத்தை ஒழிக்கவென்றுதான் 2016 நவம்பர் 8 இரவில் 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கினர். புழக்கத்திலிருந்த பண மதிப்பில் அவை ஏறத்தாழ 86 விழுக்காடு. அவற்றுள் 99.3 விழுக்காடு திரும்பிவிட்டதாக 2018-இல் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. இடையில் அல்லலுற்றவர் யார்? தென்காசி, ஆலங்குளம் வட்டாரங்களில் பீடி சுற்றும் பெண்களைக் கேட்டால் தெரியும். கறுப்புப் பண முதலைகள் எவரும் வங்கி வாசலில் வெயிலில் நின்றதாக நாம் கண்டதில்லை.

யு.பி.ஐ. முறையின் வசதியை நாம் மறுக்கவில்லை. தொலைவிலுள்ள மகனுக்கு நொடியில் பணம் அனுப்புவது நன்மையே. ஆனால் ரொக்கம் கைமாற இருவர் போதும். கைபேசிவழிப் பணமோ வங்கி, செயலி, இணையம், அரசு எனப் பலரது இசைவை எதிர்பார்த்து நிற்கிறது. 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் அந்த முறை நாடெங்கும் தடுமாறியது. அதுகூடச் சிறு தொல்லையே. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் 2023-இல் நிகழ்ந்ததே நம்மை அஞ்ச வைக்கிறது. வாடிக்கையாளர் செலுத்திய சிறு தொகை ஏதோ ஒரு மோசடியோடு தொடர்புடையது என்று கூறி, வெளிமாநிலக் காவல்துறையின் கோரிக்கையால் சிறுகடைக்காரர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. அவர்கள் செய்த பிழை, பொருளை விற்றதுதான். 2025 ஜூலையில் கருநாடகத்தில் யு.பி.ஐ. வரவைக் கணக்கிட்டு வரி அறிவிக்கைகள் பாய்ந்தன. காய்கறி விற்றவரும் தப்பவில்லை. வரி கட்ட வேண்டியவர் கட்டட்டும், அதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எனினும் பெங்களூர்க் கடைக்காரர் பலர் அன்று 'ரொக்கம் மட்டும்' என எழுதி வைத்ததை ஏமாற்று என்று எள்ளுதல் அறமன்று.

ரொக்கத்தை ஏறக்குறைய மறந்திருந்த சுவீடன் நாடே 2024 நவம்பரில் வீடுதோறும் அனுப்பிய கையேட்டில், ஒரு வாரச் செலவுக்கேனும் ரொக்கம் வைத்திருக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது.

நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். எருசலேம் ஆலயத்தில் ஏழைக் கைம்பெண் தன் இரு காசுகளைக் காணிக்கையிட எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. மறைவாகத் தருமம் செய்ய நமக்குப் போதித்தவரின் பெயரால் நடக்கும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும், 'ரொக்கம் வாங்குவதில்லை' என்னும் பலகை தொங்குமாயின் அது எவரை வெளியே நிறுத்துகிறது? கைபேசி இல்லாத பாட்டியை. மகன் வரும்வரை காத்திருக்க வேண்டிய தாயை. நிறுவனப் பொறுப்பாளர்கள் ஒரு முகப்பையேனும் ரொக்கத்திற்கென ஒதுக்க வேண்டும். நாமும் சந்தைக்குப் போகையில் சில்லறையோடு போவோம். கீரைக்காரம்மாவிடம் பத்து ரூபாய்க்கு ஐந்நூறை நீட்டிவிட்டு ரொக்கத்தின் பெருமை பேசுவது தகாது.