மரவீடும் பல்வைத்தியரும்

கல்லாற் கட்டியது நிலைக்கும், மரத்தாற் கட்டியது மாயும் என்பது பொதுவாக எல்லோரும் கொண்டுள்ள எண்ணம். இவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது என்பதற்கு நோர்வே நாட்டின் தெலமார்க் பகுதியிலே சாட்சி ஒன்று நிற்கின்றது. ஈட்ஸ்போர்க் என்னும் ஊரிலுள்ள பழைய மாடக் களஞ்சியம் ஒன்று, 1167ஆம் ஆண்டளவில் வெட்டிய மரங்களால் ஆனது என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். முழு மரங்களைப் படுக்கையாக ஒன்றன்மேலொன்று அடுக்கி, மூலைகளில் வெட்டுவாய் அமைத்துக் கோத்தெழுப்பிய கட்டடம் அது. எண்ணூற்றைம்பதுக்கு மேற்பட்ட பனிக்காலங்களைக் கண்ட பின்னும் அது சரிந்துவிடவில்லை. இத்தகைய வீடுகள் எவ்வாறு காக்கப்படுகின்றன என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

மரவீடு ஓய்ந்திருக்கும் பொருளன்று. அது அசைந்துகொண்டே இருப்பது. மரம் உலரும்போது நீளவாட்டிற் சுருங்குவது மிக அற்பம். குறுக்குவாட்டிற் சுருங்குவதே அதிகம். ஆகவே, படுக்கையாக அடுக்கிய சுவர் கட்டிய சில ஆண்டுகளிலே தானாகவே தாழ்கின்றது. இதனை அறிந்த தச்சர் கதவு, யன்னல் நிலைகளுக்கு மேலே இடைவெளி விட்டே பொருத்துவர். அன்றேல், தாழ்ந்துவரும் சுவர் நிலையின்மீது அமர்ந்து அதனை நெரித்துவிடும். மரத்துக்கும் மரத்துக்கும் இடையிலே காய்ந்த பாசியை வைத்து அடைப்பதும் காரணத்தோடுதான். சுவர் எவ்வளவு அசைந்தாலும் பாசி அதற்கு இசைந்து கொடுக்கும்.

மரவீட்டின் பெரும்பகை நீர். மரத்திலுள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்கிற்குக் கீழே நிற்குமளவும் உக்கச் செய்யும் பூஞ்சணம் பொதுவாக அதனை அணுகாது. நெடுநாள் அதற்கு மேலே நின்றாலோ, வைரம் பாய்ந்த மரமும் காலப்போக்கில் தூளாகும். ஆதலினாலேயே முன்னோர் கல் அத்திவாரத்தின்மேல் வீட்டை உயர்த்தி வைத்தனர்; இறவாரத்தை நன்றாக வெளியே நீட்டினர். நோர்வேயிலே கூரைமீது பூர்ச்ச மரத்தின் பட்டையைப் பல படையாகப் பரப்பி, அதன்மேல் புல்லோடு கூடிய மண்ணைப் போர்த்தினர். நீரைத் தடுப்பது பட்டை. பட்டை பறவாமல் அழுத்தி வைப்பது மண்.

இனிப் பழுதுபார்க்கும் முறைக்கு வருவோம். லில்லெஹாமர் நகரிலே அண்டர்ஸ் சாண்ட்விக் என்றொரு பல்வைத்தியர் இருந்தார். அழிந்துகொண்டிருந்த பழைய மரவீடுகளை விலைக்கு வாங்கி, ஒவ்வொரு மரமாகப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் கோத்து நிறுத்தினார். 1887இல் அவர் தொடங்கிய சேகரிப்பே 1904இல் மைஹவுகன் என்னும் திறந்தவெளி நூதனசாலையாக மலர்ந்தது. பல்வைத்தியரின் தொழிலுக்கும் மரவீட்டின் திருத்தத்துக்கும் ஓர் ஒற்றுமை இருப்பதை நாம் வியக்காமல் இருக்க முடியவில்லை. நல்ல பல்வைத்தியர் சொத்தையை மட்டும் நீக்கிக் குழியை அடைப்பாரேயன்றிப் பல்லைப் பிடுங்க விரைய மாட்டார். மரவீட்டுத் தச்சரும் அவ்வாறே. கூரிய ஊசியாற் குத்தியும், சுத்தியலால் தட்டி ஓசை கேட்டும் உக்கிய இடத்தைக் கண்டறிவர். அடிமரம், மூலையில் வெளியே நீண்டிருக்கும் மரத்தலைகள், யன்னலின் கீழ்ப்பகுதி ஆகியவையே பெரும்பாலும் பழுதாகும் இடங்கள். உக்கிய பகுதியை மட்டும் வெட்டி நீக்கி, அதே இன மரத்தில் அதே வடிவான துண்டைச் செதுக்கிப் பொருத்துவர். அடிமரம் முழுதும் கெட்டிருப்பின், வீட்டை ஜாக்கிகளால் மெல்ல உயர்த்தி அம்மரத்தை மட்டும் மாற்றுவர்.

நல்லெண்ணத்தோடு செய்த திருத்தமும் கேடாய் முடிவதுண்டு. அமெரிக்காவிலே மரங்களுக்கிடையே இருந்த களிமண் பூச்சினை அகற்றிவிட்டு, உறுதியானது என்று நம்பிச் சீமெந்தைப் பூசினர் பலர். சீமெந்தோ மரத்தோடு இசைந்து அசையாது. மெல்லிய வெடிப்பு உண்டாகி, அதன் வழியே நுழைந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கி மரத்தை உக்கச் செய்தது. ரஷ்யாவின் ஒனேகா ஏரியிலுள்ள கீழி தீவிலே 1714இல் எழுந்த 22 குவிமாடத் தேவாலயமும் இம்முறையிற் கட்டியதே. அதன் சுவர்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பலகைகளாற் போர்த்தியிருந்தனர். பழைய தோற்றத்தை மீட்கும் ஆர்வத்தில் 1950களில் அப்பலகைகளைக் களைந்தனர். மரங்கள் மழைக்கும் காற்றுக்கும் நேரே இலக்காயின. பின்னர் தேவாலயத்தை மூடி, உள்ளே இரும்புச் சட்டகம் அமைத்துத் தாங்கவேண்டிய நிலை வந்தது. மேலடுக்குகளைத் தூக்கி நிறுத்திக் கீழடுக்குகளைப் பிரித்துத் திருத்தும் நுட்பத்தால் அது மீண்டும் நிமிர்ந்தது. அவ்வேலை 2020இல் நிறைவெய்தியது. தோற்றத்தை மீட்பது வேறு, பொருளைக் காப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

மரங்களை ஒவ்வொன்றாக மாற்றிவந்தால் முடிவில் அது பழைய வீடுதானா என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. நோர்வே அரசு 1991 முதல் 1999 வரை, மத்திய காலத்து மரக்கட்டடங்கள் ஏறத்தாழ 250ஐத் திருத்தும் பணியை மேற்கொண்டபோது இதற்கு ஒரு விடை கண்டது. இயன்றவரை பழைய மரத்தையே வைத்திருத்தல், மாற்ற நேர்ந்தால் பழைய கருவியாலும் பழைய முறையாலுமே மாற்றுதல் என்பதே அவ்விடை. மறந்துபோன செதுக்கு முறைகளைப் பழைய மரத்திற் பதிந்திருந்த கோடரிச் சுவடுகளைப் பார்த்தே தச்சர் மீண்டும் கற்றுக்கொண்டனர். ஆசிரியன் மறைந்து நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அவன் பாடம் மரத்திலே எழுதப்பட்டிருந்தது.

எனவே, மரத்தோடு கைத்திறனும் காக்கப்படும்போதே வீடு உண்மையிற் காக்கப்படுகின்றது என்பது நம் துணிபு. பெரும்பொருள் செலவிட்டு நூறாண்டுக்கு ஒருமுறை செய்யும் திருத்தத்தைக் காட்டிலும், ஆண்டுதோறும் கூரையை நோக்கி, அத்திவாரத்தருகே குவிந்த மண்ணையும் சருகையும் அகற்றி, ஒழுகும் துளையை அன்றே அடைக்கும் சிறுபணியே அவ்வீடுகளுக்கு நீண்ட ஆயுளை அளித்தது. அப்பணியைச் செய்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. வீடு நிற்பதே அவர்களுக்குச் சாசனம்.