வாசிகசாலை மேசைக்கு ஒரு புதிர்

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளின் வார வெளியீடுகளில் குறுக்கெழுத்துக்கு என்றும் ஓர் இடம் உண்டு. அதன் கேள்விகளும் பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் இருக்கும். யானைக்கு இன்னொரு பெயர் என்ன, தருமருக்குத் தம்பி யார், இத்தாலியின் தலைநகர் எது என்று கேட்கும். விடை கட்டத்தில் நேராகப் பொருந்தாவிட்டால், பக்கத்தில் 'குழம்பியுள்ளது' என்றோ 'திரும்பியுள்ளது' என்றோ ஒரு சொல் சேர்ந்துகொள்ளும். விடை ஒன்றில் தெரியும், அல்லது தெரியாது. இடையில் யோசிப்பதற்கு அதிகம் இல்லை. நினைவைச் சோதிக்கும் இந்த வகை தொடர்ந்து வரட்டும். அதற்குப் பக்கத்தில், விடையைக் கேள்விக்குள்ளேயே ஒளித்துவைக்கும் பூடகக் குறுக்கெழுத்து ஒன்றையும் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் வாரந்தோறும் தரவேண்டும், ஊர் வாசிகசாலைகளில் நாலு பேர் கூடி அதை அவிழ்க்கவேண்டும் என்பதே என் கருத்து. தனியே அவிழ்ப்பதைவிடக் கூடி அவிழ்ப்பதுதான் இவ்வகைப் புதிரின் இயல்புக்குப் பொருந்தும்.

பூடகக் குறிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று விடையின் பொருள், மற்றது அந்த விடையை உண்டாக்கும் வழி. 'வந்து வரைந்தவனிடம் கொஞ்சம் பருப்பு (3)' என்ற குறிப்பைப் பாருங்கள். ஓவியன் ஒருவனுக்குக் கூலியாகப் பருப்பு அளந்து கொடுத்தார்கள் என்று மனம் ஒரு காட்சியைக் கட்டிக்கொள்ளும். அந்தக் காட்சி வெறும் திரை. 'வந்து வரைந்தவன்' என்ற எழுத்துகளில் கொஞ்சத்தை மட்டும் எடுக்கச் சொல்கிறது குறிப்பு. முதற்சொல்லின் கடைசி எழுத்தையும் அடுத்த சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளையும் சேர்த்தால் 'துவரை' வந்துவிடும். 'ஈசனை அழைத்தேன், திரும்பி வந்தான். இனிப் படி (2)' என்றால், 'சிவா' என்று அழைத்ததைத் திருப்பி 'வாசி' என்று எழுதவேண்டும். 'நரகம் குழம்பிப் பட்டணம் ஆனது (4)' என்பதற்கு விடை 'நகரம்'. வழக்கமான புதிரில் கட்டம் அமைப்பவரின் வசதிக்காக வருகிற அதே 'குழம்பி' இங்கே அவிழ்ப்பவருக்குத் துப்பாகிறது. இந்த விடைகள் சரியா என்று பார்க்க அடுத்த வாரப் பத்திரிகைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பொருளும் வழியும் ஒரே சொல்லில் வந்து முட்டுகிறபோது, அது சரி என்று அவிழ்த்தவருக்கே தெரிந்துவிடும்.

ஓவியனும் பருப்பும் ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் தனியாக இருப்பவருக்கு அதை அழிப்பது கடினம். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதே ஓவியன்தான் வந்து நிற்பான். பக்கத்தில் இருப்பவர் அந்த வாக்கியத்தை வேறு இடத்தில் நிறுத்தி வாசிப்பார். சமையல் தெரிந்தவர் உளுந்து, பயறு, கடலை, துவரை என்று அடுக்குவார். பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்துகளை எண்ணிப் பார்த்து, துவரை மட்டும் குறிப்புக்குள் கிடக்கிறது என்று காட்டும். மூவரில் எவரும் தனியே முடித்திருக்கமாட்டார். 1942 ஜனவரியில் இலண்டன் டெய்லி டெலிகிராப் பத்திரிகை, தன் குறுக்கெழுத்தை 12 நிமிடங்களுக்குள் முடிக்கக்கூடியவர்களை அழைத்து ஒரு சோதனை நடத்தியது. அதில் கலந்துகொண்ட சிலர் பின்னர் பிளெட்ச்லி பார்க் என்ற பிரித்தானியப் போர்க்கால நிலையத்தில் எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பணிக்கு அழைக்கப்பட்டார்கள். ஆளைத் தேர்ந்தெடுத்த சோதனை தனியாள் வேகத்தை அளந்தது. அங்கே நடந்த வேலையோ, ஒருவர் கண்ட துணுக்கை இன்னொருவர் தொடர்ந்த கூட்டு வேலை.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய பழக்கமும் அல்ல. கோயில்களில் கந்தபுராண படனம் நடக்கும்போது ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்லுவார். புணர்ந்து கிடக்கும் சொற்களைப் பிரித்து, கொண்டுகூட்டி, பொருளை எடுத்து வைப்பதே பயன் சொல்பவரின் வேலை. கேட்டிருப்போரில் பாடம் தெரிந்தவர்கள் இருந்தால் பிரிப்பில் விழும் பிழை தப்பாது. நொடி போடுவதற்கும் எதிரே அவிழ்க்க ஆள் வேண்டும். தொல்காப்பியம் 'பிசி' என்று இதற்கு இலக்கணத்திலேயே இடம் கொடுத்திருக்கிறது. எழுத்து மாறாமல் பொருள் மட்டும் அடிக்கு அடி மாறும் யமகத்தையும், ஒரே பாட்டில் இரண்டு பொருளை ஓடவிடும் சிலேடையையும் பழகிய மொழி நம்முடையது. துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியில் யமகத்தோடு நிற்காமல், உதடு ஒட்டும் எழுத்துகளையும் விலக்கியே பாடினார். இப்படிப்பட்ட பாட்டுகளைப் பிரித்துப் பொருள் கண்ட சமூகத்துக்குப் பூடகக் குறுக்கெழுத்தை அந்நியச் சரக்கு என்று சொல்லமுடியாது.

ஆங்கிலத்தில் 26 எழுத்து, தமிழில் 247, நம் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் சொல் வராது என்பது முதலில் எழும் மறுப்பு. அதில் பாதி உண்மை இருக்கிறது. மெய்யெழுத்து சொல்லின் தொடக்கத்தில் வராது, உயிரெழுத்து பொதுவாக நடுவில் வராது. ஆகவே நகரமும் நரகமும் போன்ற இணைகள் குறைவுதான். ஆனால் சொல்லை உடைத்து ஒட்டுவதில் தமிழ் தாராளமானது. 'சில்லைத் தாங்குவதன் அருகே கிடுகு அடைப்பு, வலிகாமத்தில் (5)' என்றால் அச்சும் வேலியும் சேர்ந்து அச்சுவேலி வந்துவிடும். நம் ஊர்ப்பெயர்களில் மட்டும் ஒரு வருடத்துக்குப் போதுமான குறிப்புகள் கிடக்கின்றன. ஆங்கிலக் குறுக்கெழுத்தும் பிறக்கும்போதே பூடகமாக இருக்கவில்லை. 1913 டிசெம்பர் 21இல் ஆர்தர் வின் நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் வெளியிட்ட முதற்புதிரில் நேரடிக் கேள்விகளே இருந்தன. 1920களில் இங்கிலாந்தின் புதிர் அமைப்பாளர்கள்தான் அதை இப்படி வளைத்தார்கள். தமிழிலும் இது கைகூடியிருக்கிறது. கலிபோர்னியாவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் பல ஆண்டுகளாக இவ்வகைப் புதிர்களை அமைத்திருக்கிறார். புலம்பெயர்ந்தோர் இதழ் ஒன்றால் முடிந்தது, தமிழ்ச் சூழலுக்குள்ளேயே வாழும் நம்மால் ஏன் முடியாது?

கூடி அவிழ்த்தால் போட்டிக்கு என்ன மதிப்பு என்பது அடுத்த மறுப்பு. இதற்கு விடை பரிசுப் போட்டிகளின் வரலாற்றில் இருக்கிறது. 1930களில் ஆனந்த விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டி தமிழ்நாட்டில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. இந்தியா முழுவதும் பணப்பரிசுப் போட்டிகள் பெருகி, 1955இல் அதற்கென்றே கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1957இல் இந்திய உச்ச நீதிமன்றம், திறமையில் தங்கிய போட்டியையும் சூதாட்டத்தையும் வேறுபடுத்தித் தீர்ப்பளித்தது. வழக்குக்கு வந்த புதிரில் ஒரு கட்டத்துக்குப் பொருந்தும் சொற்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன. எது சரி என்பதை முன்கூட்டியே முத்திரையிட்டு வைத்த தாள்தான் தீர்மானித்தது. அப்படிப்பட்ட புதிரில் அயலவரோடு விடையைப் பகிர்ந்தால் பரிசு பங்காகும், ஆகையால் ஒவ்வொருவரும் தாளை மறைத்துக்கொண்டு எழுதுவார்கள். பூடகக் குறிப்பில் விடைக்கான சாட்சி குறிப்புக்குள்ளேயே இருப்பதால் முத்திரையிட்ட தாளுக்கு வேலை இல்லை. பரிசும் தேவையில்லை. பரிசு போனால் மறைப்பும் போய்விடும்.

பண்டிதர்களுக்கு மட்டுமே இது சரிவரும் என்ற அச்சத்தை நான் ஏற்கவில்லை. குறிப்பின் உத்திகள் ஐந்தாறுக்குள் அடங்கும், ஒரு பின்னேரத்தில் பிடிபட்டுவிடும். அதற்குமேல் வேண்டிய சொற்செல்வம் ஒருவரிடம் முழுதாக இருக்கத் தேவையில்லை. வேலி அடைக்கிற சொற்கள் தோட்டக்காரரிடம் இருக்கும், கடற்சொற்கள் வல்வெட்டித்துறை மீனவரிடம் இருக்கும், இலக்கணம் ஆசிரியரிடம் இருக்கும். புலமைப்பரிசிலுக்கும் சாதாரண தரத்துக்கும் ஓடும் பிள்ளைகளுக்கு நேரம் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். புணர்ச்சி விதியை மனப்பாடம் செய்து மறக்கிற நேரத்தில் சிறிது போதும், அந்த விதிக்கு ஒரு பயன் இருப்பதைப் பிள்ளை தானே கண்டுவிடும்.

மெய்யான தடை புதிர் அமைக்க ஆள் இல்லாததுதான். நல்ல குறிப்பு ஒன்றை எழுதுவது அதை அவிழ்ப்பதைவிடப் பலமடங்கு நேரம் எடுக்கும், வாரம் முப்பது குறிப்பை ஒருவர் தலையில் சுமத்தினால் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடும். ஆகவே ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தோடு சிறிதாகத் தொடங்கலாம். மூன்று நான்கு தமிழாசிரியர்கள் முறைவைத்து அமைக்கலாம். சொற்கள் சேரும் இடத்தில் மிகும் ஒற்றெழுத்தை எண்ணுவதா விடுவதா என்பதை அவர்கள் முதல் வாரத்திலேயே அறிவித்துவிடவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வாசிகசாலையிலும் ஒரு சண்டை நடக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அடுத்த வாரம் விடைகளை மட்டும் வரிசையாகப் போட்டு முடிக்காமல், ஒவ்வொரு குறிப்பும் எப்படி அவிழ்கிறது என்று ஒரு வரி விளக்கமும் அச்சாகவேண்டும். முதல் ஆறு மாதத்துக்கு அந்த விளக்கத்துக்காகவே வாசகர்கள் பத்திரிகையைத் தேடுவார்கள், இரண்டாவது ஆறு மாதத்தில் அவர்களுக்குள்ளிருந்தே புதிர் அமைப்பவர்கள் வருவார்கள்.