பனி, சிவப்பு எஞ்சின், மரத்த விரல்

நேத்து பனி கொட்டுது, நான் லாசால் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல கேமராவோட. செயின்ட் லாரன்ஸ் ஆத்துக்கு மேல 1880கள்ல கனேடியன் பசிபிக் கட்டின பாலத்துக்குப் போற தடம் இது. கம்பெனிக்கு 2023லேர்ந்து சி.பி.கே.சி.ன்னு பேரு, எஞ்சின் இன்னும் சிவப்புதான்.

பனியில கேமராவை நம்பாதீங்க மக்களே. வெள்ளையைப் பார்த்ததும் வெளிச்சம் ஜாஸ்தின்னு நினைச்சு எல்லாத்தையும் சாம்பலாக்கிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்பாவது கூட்டி வைக்கணும். ஸ்பேர் பேட்டரி சட்டைக்குள்ள இருக்கட்டும், குளிர்ல சார்ஜ் சட்டுனு இறங்கிடும்.

காதையும் நம்ப முடியாது. புதுப்பனி சத்தத்தை உறிஞ்சிடுது. எஞ்சின் கண்ணுல பட்ட பிறகுதான் எனக்கு இரைச்சலே கேட்டுச்சு! நல்ல ஆங்கிள்னு தண்டவாளத்துல இறங்கறவங்களை நினைச்சா வயித்தைக் கலக்குது (சட்டப்படியும் குத்தம்).

பெட்டிகளை எண்ண ஆரம்பிச்சேன். எண்பதுல விட்டுட்டேன், விரல் மரத்துப் போச்சு.