எதைவிட நூறு மடங்கு?

எமக்கு வரும் டெராஹேர்ட்ஸ் கட்டுரைகளில் 'மடங்கு' தாராளமாகப் புழங்குகிறது. பத்து மடங்கு, ஐம்பது மடங்கு. எதைவிட, எந்த வோல்ற்றளவில், எவ்வளவு ஓட்டம் பாய்ந்தபோது என்று தேடினால் வரைபின் அடிக்குறிப்பில்கூட விடை இருப்பதில்லை.

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். எஸ். பிரபு குழுவினர் டெராஹேர்ட்ஸ் கதிர்வீசிகள் பற்றி 2014இல் வெளியிட்ட ஆய்வை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். சந்தையில் கிடைக்கும் சாதாரண அரைக்காவலிக் கலியம் ஆர்சனைட்டை எடுத்து, 2 மைக்கிரோமீற்றர் ஆழம்வரை காபன் அயன்களால் தாக்கினார்கள். நல்ல பளிங்கை வேண்டுமென்றே கெடுத்த வேலை. குறைபாடுகளில் காவிகள் விரைவில் சிக்கிக்கொள்வதால் அவற்றின் ஆயுள் சுருங்கியது; மொத்த ஓட்டம் 10 முதல் 100 மடங்குவரை இறங்கியது. 25 மைக்கிரோமீற்றர் இடைவெளியுள்ள மின்வாய்கள் முன்னர் ஏறத்தாழ 35 வோல்ற்றுக்கு மேல் சூடு தாங்காமல் பழுதாகின. இப்போது 150ஐத் தாண்டியும் நின்றன. டெராஹேர்ட்ஸ் வலு சுமார் 100 மடங்கு, மின்வலுவை டெராஹேர்ட்ஸாக மாற்றும் வினைத்திறன் சுமார் 800 மடங்கு.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கதிர்ப்புலம் வோல்ற்றளவோடு நேர்விகிதத்தில் ஏறுமென்றால் வலு அதன் வர்க்கத்தோடு ஏறும். 150ஐ 35ஆல் வகுத்து வர்க்கித்தால் 18 சொச்சம்தான் வரும். நூறுக்கு இன்னும் ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும். அது எங்கிருந்து வந்தது? இரு பக்க எண்களையும் அவர்கள் தந்ததால்தான் இப்படிக் கேட்க முடிகிறது.

1984இல் பெல் ஆய்வுகூடத்தில் ஓஸ்டன் குழுவினர் ஒளிகடத்து இருமுனைகளால் பிக்கோசெக்கன் துடிப்பை அனுப்பியும் வாங்கியும் காட்டிய நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. லேசர் துடிப்பு காவிகளைப் பிறப்பிக்கும், மின்புலம் அவற்றை ஆர்முடுக்கும், ஓட்டம் எழும் வேகம் கதிர்வீசலைத் தீர்மானிக்கும். பிறகு இழுபடும் ஓட்டம் பெரும்பாலும் வெறும் சூடு.

அந்தச் சூடு நம்மவர்களுக்கு இனித்தான் பெரிய தொல்லையாகப்போகிறது. இலங்கையில் 2022இன் மின்வெட்டுகளை அனுபவித்த எவரும் மின்சாரத்தை நிறையக் குடிக்கும் 800 நானோமீற்றர் தைத்தேனியம்-சபையர் லேசருக்கு ஆசைப்படமாட்டார். 1550 நானோமீற்றர் நார் லேசர் சிறியது, பராமரிப்புக் குறைவு. ஆனால் அதன் போட்டோன் சக்தி 0.8 இலத்திரன்வோல்ற்று. கலியம் ஆர்சனைட்டின் சக்தி இடைவெளியான 1.42ஐ அது எட்டாது. இந்தியம் கலியம் ஆர்சனைட்டுக்குப் போகவேண்டும். சக்தி இடைவெளி ஒடுங்கிய அந்தப் பொருளில் ஒளியே படாதபோதும் இருள் ஓட்டம் தாராளமாகப் பாயும்; சூடும் அதனோடு வரும்.

கட்டுரையாளர்கள் காற்றையும் மறக்கிறார்கள். நெல்லியடியில் மாரிகாலத்தில் சாரீரப்பதன் 80 வீதத்தைத் தாண்டுவது சாதாரணம். நீராவி 0.557, 0.752, 1.097 டெராஹேர்ட்ஸில் நிறமாலையைக் கடித்து வைக்கும். உலர் நைதரசன் நிரப்பிய பெட்டியில் எடுத்த அளவீட்டைத் திறந்த மேசையில் எடுத்ததோடு ஒப்பிட்டு 'மேம்பாடு' என்று எழுதுவது என்ன நியாயம்?

ஆகவே அடுத்த இதழுக்கு அனுப்புவோர் மின்வாய் இடைவெளி, வோல்ற்றளவு, இருள் ஓட்டம், ஒளி ஓட்டம், லேசர் துடிப்பின் சக்தி, சாரீரப்பதன் ஆகியவற்றை அட்டவணையாகத் தரவேண்டும். ஒப்பீட்டுக்கு எடுத்த பழைய கருவிக்கும் அதே அட்டவணை வேண்டும். இவை இல்லாத கட்டுரைகள் மதிப்பாய்வாளரிடம் போகாமலே திரும்பி வரும்.

— ஆசிரியர், நெல்லியடி